தீ வைப்பவர்களையே தீயணைக்கக் கூப்பிடலாமா? வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு முன்னாள் வனவரின் பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மார்ச் மாதம் நண்பர்களோடு பைக்கில் ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம் மலைப்பக்கம் போய்விட்டு இரவு திரும்பும்போது, சரிவில் நீளமாக ஒரு தீ ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அடிவாரத்து டீக்கடையில் இருந்தவர்கள் "வருஷா வருஷம் எரியறதுதான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கிறார்கள். அவருடைய கேள்வி: "காட்டுத் தீயைத் தடுக்க ஊர் மக்களைச் சேர்க்கிறோம் என்று அரசு சொல்கிறதே, தீ வைப்பதே அவர்கள்தானே? இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடுகிற திட்டமா? வட சென்னையில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?"

மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். தீ வைக்கிற கையிலேயே காவலையும் கொடுக்கலாமா என்பதுதான் அது. கொடுக்கலாம், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது என் பதில். ஆனால் காட்டில் ஒரு பங்கையும் கூடவே கொடுக்க வேண்டும். பங்கு இல்லாத காவல் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன், எந்த இடத்தில் எனக்கே உறுதி இல்லை என்பதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். வைகை அணையில் இருக்கும் வனப் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, பெரும்பாலான காலம் ஜவ்வாது மலையிலும், கொஞ்ச காலம் திருவள்ளூர் மாவட்டத்துப் புதர்க்காடுகளிலும் வேலை பார்த்தேன். இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். அதனால் நான் சொல்வதெல்லாம் கோடையில் இலை உதிர்க்கும் காடுகளுக்கும் புதர்க்காடுகளுக்கும்தான் நேராகப் பொருந்தும். நீலகிரி, கொடைக்கானல் சோலைகளின் கதை வேறு. இமயமலையின் பைன் காடுகளைப் பற்றி நான் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் தீ என்று நம் மனதில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா, ஆஸ்திரேலியா வீடியோக்களில் மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும் தீயைப் பார்த்திருப்பீர்கள். நம் மலைகளில் அது அபூர்வம். இங்கே எரிவது தரைத் தீ. உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் எரிகின்றன. சமதளத்தில் முழங்கால் உயரம், இடுப்பு உயரம்தான் இருக்கும். பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் சரிவில் அதன் குணமே மாறிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பயிற்சியில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. கீழே எரியும் தீ மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. ஆள் உயரப் புல் நிற்கும் சரிவில், பின்மதியக் காற்றும் சேர்ந்துகொண்டால், ஓடுகிற மனிதனைத் தீ முந்திவிடும்.

பெரிய மரங்கள் இந்தத் தீயில் சாவதில்லை. பட்டை தடித்த மரங்கள் தாங்கிக்கொள்ளும். கன்றுகளுக்குத் தண்டு கருகும், வேர் பிழைத்து மறுபடி துளிர்க்கும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-ல் 50 ஹெக்டேர் அளவில் ஒரு நிரந்தர ஆய்வுத் திடலை அமைத்தது. அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுப் பல ஆண்டுகளாகப் பார்த்ததில் தெரிந்தவற்றில் இதுவும் ஒன்று. தீ அடிக்கடி வந்தால் கன்று கருகுவதும் துளிர்ப்பதுமாகவே காலம் போகும், அது மரமாகவே ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே நடந்தால் எல்லாம் வயசான மரம், அடுத்த தலைமுறை மரம் இருக்காது. தீயின் உண்மையான சேதம் அதுதான். அது மார்ச் மாதத்துச் செய்தியில் வராது.

சரி, தீயை யார் வைக்கிறார்கள்? இதில் சந்தேகம் இல்லை. நம் நாட்டில் காட்டுத் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதனால் வருவதுதான். மூங்கில் உரசித் தீப்பிடிக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், என் பணிக்காலத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மின்னலால் வருவதும் மிகக் குறைவு, ஏனென்றால் இங்கே மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வரும். ஆனால் 'மனிதன்' என்று சொல்லிவிட்டு நின்றால் ஒன்றும் புரியாது. ஆடு மாடு மேய்ப்பவர் இளம்புல் வரட்டும் என்று வைக்கிறார். தேன் எடுப்பவர் புகை போட்ட பந்தத்தைச் சரியாக அணைக்காமல் விடுகிறார். இலுப்பைப் பூ பொறுக்குவதற்காக மரத்தடிச் சருகைக் கொளுத்துகிறார்கள். பட்டா நிலத்தில் வரப்பைக் கொளுத்தும்போது காற்று மாறி காட்டுக்குள் போய்விடுகிறது. முயலுக்குக் கண்ணி வைப்பவர், சாராயம் காய்ச்சுபவர், செம்மரம் வெட்டப் போகிறவர், பீடித் துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவர், நகரத்திலிருந்து வந்து பாறையில் கோழி சுட்டுச் சாப்பிடுகிறவர் எல்லாரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கோபத்தில் வைக்கப்படும் தீயும் உண்டு. மாட்டைப் பிடித்து அபராதம் போட்ட அடுத்த வாரம் எரியும் காட்டை நான் பார்த்திருக்கிறேன். காரணத்துக்குத் தகுந்தபடி மருந்தும் மாறும். மேய்ப்பவருக்கும் கோபக்காரருக்கும் ஒரே எச்சரிக்கைப் பலகையை நட்டுப் பயனில்லை.

ஆக, "தீ வைப்பதே அவர்கள்தானே" என்பது பாதி சரி. மறு பாதியையும் பாருங்கள். தீயைப் பற்றி அந்த மலையில் வேறு யாரையும்விட அதிகம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். ஜவ்வாது மலையில் ஒரு பெரியவர், அங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தவர், தை மாதம் முழுக்க எங்களோடு வேலைக்கு வருவார். காலையில் புல் மேட்டுக்குப் போனதும் ஒரு தண்டைப் பிடித்து வளைப்பார். வளைந்தால் விட்டுவிடுவார். 'படக்'கென்று ஒடிந்தால், "சார், இன்னிக்கு இந்தப் பக்கம் தீ ஓடும்" என்பார். அதே மேட்டின் வடக்குச் சரிவில் இன்னொரு தண்டை வளைப்பார், அது ஒடியாது, ஏனென்றால் அங்கே வெயில் தாமதமாகத்தான் விழும். அப்புறம் ஒரு பிடி புழுதியை எடுத்து மேலே விட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். எரிபொருளின் ஈரப்பதம், சரிவின் திசை, காற்று என்று எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் மூன்று அத்தியாயமாக இருந்ததை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். இப்படிப்பட்ட ஒருவரைக் குற்றவாளியாக மட்டும் பார்த்தால் நஷ்டம் காட்டுக்குத்தான்.

அந்த அறிவு நம் பக்கம் வருமா, எதிர்ப்பக்கம் போகுமா என்பதை எது தீர்மானிக்கிறது? இதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1910-களில் ஆங்கிலேய அரசு குமாவுன் மலைக்காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவித்து, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு போட்டது. 1921-ல் அந்த மலை மக்கள் எதிர்ப்பாகக் காடுகளுக்குத் தீ வைத்தார்கள், எரிகிற காட்டை அணைக்கவும் மறுத்தார்கள். அரசு கடைசியில் இறங்கி வந்து, 1931-ல் ஊர்களே காட்டை நிர்வகிக்கும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதி வகுத்தது. இன்றைய உத்தராகண்டில் அப்படிப்பட்ட பஞ்சாயத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை இருந்தும் அங்கே தீ வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பைன் ஊசியிலை எண்ணெய்ப் பசை உள்ளது, சீக்கிரம் பற்றும், ஊர்கள் வேறு காலியாகிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் பங்கைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 1921-ஐவிடத் தெளிவான சாட்சி இல்லை.

சட்டத்தில் ஊர் மக்களின் கடமை எப்போதுமே இருந்தது. 1927 இந்திய வனச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, ஒதுக்குக் காட்டில் உரிமை உள்ளவர்கள் தீயை அணைக்க உதவ வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக்கு 1882-லிருந்தே தனி வனச் சட்டம் இருக்கிறது, அதிலும் தீ வைப்பது குற்றம். ஆனால் கடமையை மட்டும் எழுதி வைத்தால் யாரும் படுக்கையிலிருந்து எழுந்து மலையேற மாட்டார்கள். 1988 தேசிய வனக் கொள்கை, அதன் பிறகு 1990 ஜூன் 1-ல் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை, இரண்டும் சேர்ந்துதான் கூட்டு வன மேலாண்மையைக் கொண்டுவந்தன. ஊர் காட்டைக் காக்கும், காட்டின் பலனில் ஊருக்குப் பங்கு உண்டு என்பதுதான் ஏற்பாடு. தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது, ஊர் ஊராகக் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. தடுப்பணை கட்டினோம், மரம் நட்டோம், விறகு வெட்டி விற்றவர்களுக்குக் கறவை மாட்டுக்கும் சிறு தொழிலுக்கும் கடன் கொடுத்தோம்.

அது வேலை செய்ததா? நான் பார்த்த அளவில், திட்டப் பணம் ஓடிய வருடங்களில் தீ வந்தால் ஊரிலிருந்து ஆள் வந்தது. கூப்பிடாமலே வந்த ஊர்களும் உண்டு. பணம் நின்ற பிறகு ஊர்கள் இரண்டாகப் பிரிந்தன. தடுப்பணையால் கிணற்றில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்த ஊர்கள் காவலை விடவில்லை. நட்ட மரத்தின் பங்கு எப்போது வரும் என்று காத்துச் சலித்த ஊர்களில் குழு பெயரளவில் நின்றது, தலைவரின் கையெழுத்து மட்டும் நோட்டில் இருக்கும். தம்பி, "காகிதத்தோடு நின்றுவிடுகிற திட்டமா" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். பலன் வீட்டுக்கு வந்த ஊரில் திட்டம் உயிரோடு இருக்கிறது, வராத ஊரில் நோட்டில் இருக்கிறது.

இனி தீத்தடுப்பு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதை மார்ச் மாத வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையான வேலை மார்கழி கடைசியிலும் தையிலும் நடக்கிறது. கார்த்திகை மழையில் செழித்த புல் அப்போதுதான் காயத் தொடங்கியிருக்கும். மலை முகட்டிலும், பாதை ஓரத்திலும், பட்டா நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவிலும் தீத்தடுப்புக் கோடு போடுவோம். சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை அரிவாளால் அறுத்து, நடுவில் குவித்து, காற்றில்லாத காலை நேரத்தில் ஆட்கள் இரண்டு பக்கமும் நிற்க, கொளுத்திவிடுவது. மண் மட்டும் மிஞ்ச வேண்டும். பெண்கள்தான் இதில் பெரும்பகுதி வேலையைச் செய்வார்கள். இலையுள்ள கொப்புகளைக் கட்டாகக் கட்டி விளக்குமாறு மாதிரி கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு முறை கூட்டியதோடு முடியாது. தேக்கும் மற்ற மரங்களும் மாசியில் இலையை உதிர்க்க உதிர்க்க, கோட்டின் மேலேயே சருகு பாலம் போட்டுவிடும். ஒரு சாண் அகலத்துக்குச் சருகு கிடந்தால் போதும், தீ அதன் வழியே நடந்து வந்துவிடும். அதனால் மாசியில் மறுபடியும் கூட்ட வேண்டும். தை மாதம் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மாசியில் கூட்டாமல் விட்ட கோடு இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

தீ வந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம். வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிசைப் பகுதியில் ஒரு வீடு பற்றிக்கொண்டால், தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைவதற்குள் அக்கம்பக்கத்தவர்கள் என்ன செய்வார்கள்? எரிகிற வீட்டை விட்டுவிட்டு, காற்று அடிக்கிற பக்கத்துக் குடிசையின் கூரையைப் பிய்த்து எறிவார்கள். காட்டிலும் அதேதான். எரிகிறதை அணைப்பதைவிட, எரியப்போகிறதை எடுத்துவிடுவது. இதைச் செய்ய யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களால்தான் முடியும். ஒரு வனக்காப்பாளர் தன் காவல் சுற்றுக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து போகவே அரை நாள் ஆகலாம். செயற்கைக்கோள் எச்சரிக்கை பெரிய உதவிதான். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் மோடிஸ், வியர்ஸ் என்ற உணர்கருவிகளின் தரவைக் கொண்டு தீ எச்சரிக்கைகளைக் கைபேசிக்கே அனுப்புகிறது. ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளைக்குச் சில முறைதான் நம் தலைக்கு மேல் போகும். வியர்ஸ் படத்தின் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர் அகலம். மரக்கிளைகளுக்குக் கீழே ஊர்கிற சிறிய தீ அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். எச்சரிக்கை வரும்போது ஊரில் ஒருவர் ஏற்கெனவே புகையைப் பார்த்திருப்பார். அவர் போன் செய்வாரா, டீயைக் குடித்துக்கொண்டு இருப்பாரா என்பதுதான் கேள்வி.

அணைக்கும் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. பச்சைக் கொப்பு, அரிவாள், மண்வெட்டி, தோளில் தண்ணீர். தீ முன்னேறிப் போகிற முனையைத் தலை என்போம், அதற்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டிலிருந்து அடித்துக்கொண்டே போய்த் தலையை ஒடுக்க வேண்டும். இலைக்கொப்பை ஓங்கி அடித்தால் தீப்பொறி பறக்கும், அழுத்தித் தேய்க்க வேண்டும். தீ அடங்கிய பிறகு இருக்கிற வேலைதான் அலுப்பானது, அதைத்தான் வெளியாட்கள் செய்யாமல் கிளம்பிவிடுவார்கள். பட்டமரம் உள்ளே புகைபோக்கி மாதிரி எரிந்துகொண்டே இருக்கும், மறுநாள் மதியக் காற்றில் அதன் உச்சியிலிருந்து பொறி விழும். பாதி எரிந்த கட்டை, தாங்கியிருந்த கல் நகர்ந்ததும், சரிவில் உருண்டு கோட்டைத் தாண்டிப் போகும். அதனால் ஓரத்தில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையையும் புரட்டி, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, மண் போட்டு மூட வேண்டும். இரவெல்லாம் இருந்து இதைச் செய்வது அந்த ஊர்க்காரர்கள்தான். கூலிக்கு வருகிற தீத்தடுப்புக் காவலர்களும் பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளைகள். இது உயிருக்கு ஆபத்தான வேலை. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயை அணைக்கப் போன மூன்று காவலர்கள் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுக்கும் கூலி எப்போது கைக்கு வருகிறது என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தை மாத வேலைக்கு ஆடியில் பணம் வந்தால், அடுத்த தையில் ஆள் வராது. வருகிறவர்களும் மனசில்லாமல் வருவார்கள். எத்தனை கூட்டம், எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தினாலும் இதை ஈடுகட்ட முடியாது. இன்ஷூரன்ஸ், தலைக்கவசம், நல்ல செருப்பு, குடிக்கத் தண்ணீர் இவையும் அப்படித்தான். ஒரு ஊரைக் 'கூட்டாளி' என்று சொல்லிவிட்டு, ரப்பர் செருப்போடு தணலில் நடக்க விடுவது நியாயம் இல்லை. கொள்கை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இதுவரை எழுதியது எனக்கு உறுதியானது. இனி உறுதி இல்லாதவை. முதலாவது, முன்தீ. அதாவது பருவத்தின் தொடக்கத்திலேயே, புல் பாதி ஈரமாக இருக்கும்போது, வேண்டுமென்றே சிறிய தீயாக வைத்துச் சருகைக் குறைத்துவிடுவது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடியினர் காலங்காலமாக இதைச் செய்துவந்தார்கள். 1970-களில் அந்தக் காடு சரணாலயமானதும் தடை வந்தது. அதன் பிறகு உண்ணிச்செடி (லாண்டானா) காட்டை மூடிவிட்டது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிவிட்டது, எங்கள் தீ இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்கிறார்கள். எனக்கு அவர்கள் சொல்வதில் உண்மை இருப்பதாகவே படுகிறது. ஆனால் உண்ணிச்செடி ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு நிற்கும் இடத்தில் இன்று தீ வைத்தால், அது பழைய சருகுத் தீ மாதிரி தரையோடு போகாது. காய்ந்த உண்ணிப் புதர் ஏணி மாதிரி தீயை மேலே ஏற்றிவிடும். எரிந்த பிறகு முதலில் துளிர்ப்பதும் அந்தச் செடிதான். அதனால் முன்தீ எங்கே நல்லது, எங்கே கெடுதல் என்பதை மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாரம்பரியம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா இடத்திலும் அனுமதிப்பதும், சட்டம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா இடத்திலும் தடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, கணக்கு. "குழு அமைத்த பிறகு தீ பாதியாகக் குறைந்தது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்த வருடத்து மழையைத்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் புல் அதிகம், கோடையில் எரிபொருளும் அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு கோடை மழை விழுந்தால் மொத்தப் பருவமும் அமைதியாகப் போய்விடும். போன வருடம் எரிந்துபோன மலையில் இந்த வருடம் எரிய ஒன்றும் இருக்காது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல்லாயிரம் ஏக்கர் எரிந்ததே, அதற்கு முன் உள்ள வருடங்களை மட்டும் வைத்து யாரும் அதைக் கணித்திருக்க முடியாது. ஊர் மக்களால்தான் குறைந்தது என்று நிரூபிக்க, பக்கத்துப் பக்கத்து மலைகளில், குழு உள்ளதையும் இல்லாததையும், பல வருடம் ஒப்பிட வேண்டும். என் அனுபவம் ஒரு பக்கம் சாய்கிறது, ஆனால் அனுபவம் நிரூபணம் ஆகாது.

மூன்றாவது, உரிமை. 2006 வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை கொடுக்கிறது. கூட்டு வன மேலாண்மையில் வனத்துறை ஊரைத் தன் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது. இந்தச் சட்டத்தின்படி ஊர்தான் நிர்வாகி, வனத்துறை துணை. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் இது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. என் சக பணியாளர்களில் பலர் இதை அஞ்சினார்கள், காடு அழிந்துவிடும் என்றார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. கிராம சபை என்ற பெயரில் ஊரில் வலுத்தவர் நான்கு பேர் முடிவு செய்வதும், மாடு இல்லாதவர், நிலம் இல்லாதவர், பெண்கள் ஓரமாக நிற்பதும்தான் என் கவலை. தீக்கோட்டில் கூட்டுகிற பெண்ணுக்குக் கூட்டத்தில் பேச இடம் இல்லாவிட்டால், யாருடைய பங்கைப் பற்றி நாம் பேசுகிறோம்?

இப்போது வட சென்னைக்கு வருகிறேன். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் புல் சரிவில் தீயில் சிக்கிக்கொண்டன. இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்கள் பலர். அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். இருட்டில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஊர் மக்கள் இல்லாமல் காட்டை நிர்வகிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த இரவைத்தான் காட்டுவேன். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். மூடியிருந்தால் போகாதீர்கள். குறுக்குவழி தெரியும் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். ஆந்திரப் பக்கம்தானே, நம் விதி அங்கே கிடையாதே என்றும் நினைக்க வேண்டாம். அந்த மலையிலும் மாசி, பங்குனியில் புல் அதே மாதிரிதான் காய்கிறது.

வியாசர்பாடியிலிருந்து எழுதியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் மலைக்குப் போகும்போது பெரும்பாலும் கால்பந்து ஜெர்சியோடு போவதைப் பார்க்கிறேன். அது பாலியெஸ்டர். தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயத்திலிருந்து பிரிக்க முடியாது. எந்த மாதமானாலும் காட்டுக்குப் பருத்திச் சட்டை, முழுக்கால் பேன்ட், நல்ல ஷூ. அடுப்பு மூட்டாதீர்கள், சிகரெட் வேண்டவே வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். தீயைப் பார்த்தால் முதலில் அவர்களுக்கு, கிடைக்காவிட்டால் 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். எந்த ஊருக்குப் பக்கம், சரிவில் ஏறுகிறதா இறங்குகிறதா, காற்று எந்தப் பக்கம் என்று மூன்றும் சொன்னால் போதும். நீங்களாக அணைக்க ஏறாதீர்கள். தப்பிக்க வேண்டியிருந்தால் மேட்டை நோக்கி ஓடக் கூடாது. ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, வெறும் பாறை, ஓடைப் படுகையின் மணல் இவைதான் பாதுகாப்பான இடம். ஆனால் ஓடை என்று நினைத்துச் செங்குத்தான பள்ளத்துக்குள் இறங்கிவிடக் கூடாது. தீயும் சூடான காற்றும் அதன் வழியாகத்தான் மேலே ஏறும்.

உதவியாக ஏதாவது செய்ய விரும்பினால், மார்ச்சில் கிளம்ப வேண்டாம், டிசம்பர் கடைசியில் கிளம்புங்கள். நமக்குப் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒதுக்குக் காடுகள் இருக்கின்றன. பெரிய மலை கிடையாது, பார்க்கச் சாதாரணப் புதர்க்காடு. கலாக்காய், சூரை, ஈச்சம்புதர், நடுவில் தைலமரத் தோப்பு. தைலமர இலையில் எண்ணெய் இருப்பதால் சருகு நன்றாகப் பற்றும். சாலை ஓரத்தில் யாரோ குப்பையைக் கொளுத்தினால் போதும், உள்ளே போய்விடும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். அந்தச் சரகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, கோடு கூட்டும் நாட்களில், ஊர்க்காரர்களும் இருளர் குடும்பங்களும் வேலை செய்யும்போது கூடப் போய் நில்லுங்கள். அவர்களுக்குக் கட்டளையிடப் போகாமல், அவர்கள் சொல்கிறபடி செய்யப் போனால் வரவேற்பார்கள். அங்கே கூலிக்கு வருகிறவர்களின் வேலையை இலவசமாகச் செய்து கெடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சாலையோரக் குப்பை பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, படம் எடுத்து எல்லையைப் பதிவு செய்வது போன்றவை போதும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் பெயர் பதிந்து உங்களுக்குத் தெரிந்த பகுதிக்கான தீ எச்சரிக்கையை நீங்களும் வாங்கலாம், பணம் கிடையாது.

அப்புறம், ஜவ்வாது மலைச் சாமை, தேன், புளி, கடுக்காய் இவற்றை அந்த மலை மக்களின் சங்கங்களிடமிருந்து நேராக வாங்க முடிந்தால் வாங்குங்கள். புளிய மரமும் கடுக்காய் மரமும் காசு கொடுக்கிற வரைக்கும் அந்த மரத்தடிச் சருகில் யாரும் நெருப்பை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். போகும்போது அந்த டீக்கடையில் ஒரு டீ குடித்து, இந்தக் காட்டிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணும் கிடைக்கல" என்று பதில் வந்தால், அந்த மலை அடுத்த வருடமும் எரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதிலை அந்த ஊரின் பெயரோடு எழுதி, அந்தப் பகுதி மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதமாக அனுப்புங்கள்.